பூனைமயிர்ப் பாசி

கொம்பனி கொடுத்த சப்பாத்துகளை அவர் காலில் போட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. இரண்டையும் நாடாவால் முடிந்து தோளில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வருவார். கந்தோர் வாசலில் இறக்கி, படிக்குப் பக்கத்தில் சோடியாக வைப்பார். மனேஜர் ஒருமுறை காரணம் கேட்டாராம். சப்பாத்தைப் போட்டால் நிலம் ஈரமா காய்ந்ததா என்று காலுக்குத் தெரியாமல் போய்விடும் என்றாராம்.

திருகோணமலையில், உள்துறைமுகக் கரையில், கப்பல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற கொம்பனி ஒன்றில் நான் கிளாக்கராக இருந்த காலம் அது. வெள்ளைக்காரரின் கடற்படை தளத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்துமூன்று வயது. கந்தோரில் பெண் என்று நான் ஒருத்திதான். குன்றின் உச்சியில் கொம்பனியின் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அங்கிருந்து இரும்புக் குழாய் மண்ணுக்கடியால் இறங்கி, தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னாலும் கிட்டங்கிகளுக்குப் பக்கத்தாலும் வந்து கப்பல் அணைகிற ஜெற்றியில் முடியும். அந்த வழியை ஒவ்வொரு நாளும் மேலிருந்து கீழ்வரை நடந்து பார்ப்பது அவருடைய வேலை.

மூதூர்க்காரர். மனைவி இல்லை. ஒரேயொரு மகள், மூதூரில் தன் மாமியோடு வளர்ந்தாள். வெள்ளிக்கிழமை காலை மோட்டர் லாஞ்சில் குடாவைக் கடந்து ஊருக்குப் போய், தொழுகை முடிந்து, பின்னேரமே திரும்பிவிடுவார். வரும்போது எங்களுக்கென்று ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவருவார். அவருடைய ஊரில் அண்ணனை அழைப்பதுபோல, கந்தோரில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டோம். பெயர் சம்பளத் தாளில் இருந்தது. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. நானும் இங்கே சொல்லவில்லை.

குழாய் எங்கே கசிகிறது என்று தேடுகிறவர்கள் தண்ணீரைத்தான் தேடுவார்கள். அவர் பாசியைத் தேடினார்.

எங்களுக்கு எல்லாமே பாசிதான். குளத்தில் மிதந்தாலும், கடற்கல்லில் வழுக்கினாலும், மதிலில் ஒட்டிக் கிடந்தாலும் அதே பெயர். அவர் அதை ஒத்துக்கொள்ளமாட்டார். மதிலடியிலும் கல்லிடுக்கிலும் படிக்கட்டின் மூலையிலும் வெயில் விழாத பக்கம் பார்த்து, ஒரு விரலகலத்துக்கு மெத்தைபோல வளருமே, அதற்கு அவர் தனியாக ஒரு பெயர் வைத்திருந்தார். பூனைமயிர்ப் பாசி. தடவிப் பார்த்தால் பூனைக்குட்டியின் முதுகு மாதிரித்தான் இருக்கும். மாரியில் அதன்மேல் தலைமயிரைவிட மெல்லிய தண்டுகள் எழும்பும். நுனியில் எள்ளைவிடச் சிறிய ஒரு மொட்டு. அதையெல்லாம் அவர் காட்டியபிறகுதான் கண்டேன். அதற்கு முன்னர் ஆயிரம் தரம் மிதித்திருப்பேன்.

ஒருநாள் கறுத்த தூள்போல ஏதோ ஒன்றைக் கடதாசியில் வைத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அடுப்புக்கரி என்றுதான் நினைத்தேன். என் கிளாசிலிருந்து நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டார். நான் ஒரு கடிதம் ரைப் பண்ணி முடிப்பதற்குள் அது பச்சையாக எழும்பி நின்றது.

“செத்த மாதிரிக் கிடக்கும் தங்கச்சி. சாகாது. தண்ணி வரும் எண்டு கிடக்கும்,” என்றார்.

அவருடைய கணக்கு எளிது. எங்கள் பக்கத்தில் வைகாசியில் கச்சான் காற்றுத் தொடங்கினால் ஆவணி முடியும்வரை புல்லெல்லாம் கருகிவிடும். மதிலில் காய்ந்து கறுத்த பாசி கிடந்தால் அது போன மாரியின் மிச்சம். கச்சான் காலத்திலும் பச்சையாக நின்றால் பின்னால் எங்கோ தண்ணீர் இருக்கிறது. மனேஜருடைய பங்களாவின் வாசற்படியில் அப்படி ஒருமுறை கண்டார். மனேஜர் சிரித்தார். பிறகு மனமில்லாமல் தோண்டச் சொன்னார். இரண்டு முழத்துக்குக் கீழே குழாய் வெடித்து, படியின் அத்திவாரம் பாதி கரைந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் காட்டிய இடமெல்லாம் தோண்டினார்கள்.

அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தின்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை படித்த ஒருவரிடமும் நான் காணாதது. பிறந்ததை யாரும் பதியாதபடியால் தன் வயது தனக்கே தெரியாது என்று சொல்லி வருத்தப்படுவார். மகள் பிறந்த கிழமையே ஊர் விதானையாரைத் தேடிப் போய்ப் பதிந்தாராம். சனிக்கிழமை மதியம் அந்தக் கிழமை கண்டதையெல்லாம் என்னிடம் வந்து சொல்லவேண்டும். நான் குழாய்ப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதுவேன். எழுதி முடிந்ததும், “வாசிச்சுக் காட்டுங்க,” என்பார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்பார். முடிந்ததும் “எழுதிட்டாச் சரி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். சொன்னதைப் பிறகு நினைவுபடுத்துகிற பழக்கம் அவரிடம் இல்லை. எழுதியதைத் திரும்பச் சொன்னால் எழுதியவரைச் சந்தேகிக்கிற மாதிரி ஆகிவிடும் என்பார்.

கெட்டது எங்கள் பெரிய கிளாக்கரின் வீட்டில்தான் தொடங்கியது. கொம்பனி விடுதியில் இருந்தவர் அவர். வீட்டின் பின்பக்கம் பச்சைப் பாசியைக் கண்டு நானா சொல்ல, நான் எழுத, நான்கு பேர் வந்து அவருடைய பூச்செடிப் பாத்தியைக் கிளறி இருபது முழ நீளத்துக்குத் தோண்டினார்கள். குழாய் நல்ல குழாய். அந்த வீட்டுக் குசினியிலிருந்து சமையல்காரி அரிசி கழுவிய தண்ணீரை நாள்தோறும் அதே மூலையில் ஊற்றியிருக்கிறாள். கந்தோர் முழுக்கச் சிரித்தது. நானாவும் சிரித்தார். பாசி பொய் சொல்லவில்லை, தண்ணீர் இருந்தது உண்மைதானே என்றார். பெரிய கிளாக்கர் சிரிக்கவில்லை. மறுநாள் என் மேசைக்கு வந்து குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார்.

“இனி அந்தாளின்ர பாசிக் கதையை எழுதவேண்டாம் பிள்ளை. தண்ணி ஓடுறதைக் கண்டால் மட்டும் எழுதும்.”

அந்தச் சனிக்கிழமை நானா வழமைபோல வந்தார். மூன்று இடம் சொன்னார். மூன்றும் பாசி. நான் பேனையைப் பிடித்தபடி இருந்தேன். இதையெல்லாம் இனி எழுதமாட்டோம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் எழுதினேன். குறை எதுவுமில்லை என்று பொருள். “வாசிச்சுக் காட்டுங்க,” என்றார். அவர் சொன்ன மூன்று இடங்களையும் அந்த இரண்டு சொற்களின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எழுதிட்டாச் சரி என்றார்.

அன்றைக்கு அதை இரக்கம் என்று நினைத்தேன். ஒரு வயதான மனிதரின் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டேன் என்று வீட்டில் அம்மாவிடம் சொன்னதும் ஞாபகம். அம்மா நல்லது என்றா. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. ஓரிரண்டு இடத்தில் குழாய் உண்மையாகவே வெடித்துத் தண்ணீர் வெளியே வந்தபோது ஆட்கள் போய்ச் சரிசெய்தார்கள். அவர் அதைத் தான் சொல்லி நடந்தது என்று எடுத்துக்கொண்டார்.

லைன் வீடுகளுக்குப் பின்னால் குன்றின் மண் சரியாமல் கட்டிய கருங்கல் மதில் ஒன்று இருந்தது. பழைய மதில். அதற்கு மேலேதான் குழாய் போனது. கடைசி வீட்டில் கிட்டங்கியில் மூட்டை ஏற்றுகிற ஒருவரும் அவருடைய மனைவியும் நாலு வயது மகளும் இருந்தார்கள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். கந்தோர் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். பிள்ளை அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வரும். என் ரைப்ரைட்டரின் மணி அடிப்பதைக் கேட்க வாசலில் நின்றுவிடும். நான் வேண்டுமென்றே இரண்டு தரம் அடிப்பேன்.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை. நானா வந்து, என்றும் இல்லாதபடி வாங்குப் பலகையில் அமர்ந்தார்.

“தங்கச்சி, இதை வடிவா எழுதுங்க,” என்றார். “லைனுக்குப் பின்னால இருக்கிற மதில்ல பூனைமயிர்ப் பாசி எழும்பியிருக்கு. ஒரு இடத்துல இல்ல. என்ட நெஞ்சு உயரத்துல, ஒரே கோட்டுல, கடைசி வீடு வரைக்கும். இந்தக் கச்சான்ல மொட்டு விட்டிருக்கு. மதிலுக்குப் பின்னால தண்ணி தேங்கி நிக்குது. மாரிக்கு முன்ன தோண்டிப் பாக்கணும்.”

நான் இரண்டு சொற்கள் எழுதினேன். வாசித்துக் காட்டினேன்.

“மாரிக்கு முன்னன்டு எழுதினீங்களா?”

“ஓம் நானா.”

அவர் போனபிறகு எனக்கு மனம் சரியில்லாமல் இருந்தது. திங்கட்கிழமை பெரிய கிளாக்கரிடம் வாயாலாவது சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை இரண்டு கப்பல்கள் வந்தன. நான் மறந்துபோனேன். இல்லை, மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்லலாம் என்று விட்டேன்.

புரட்டாதியில் ஒருநாள் நானா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு மேசையில் குவிந்து கிடந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று போய்விட்டார்.

அந்தக் கடைசி வீட்டுப் பெண்ணும் மதிலைக் கண்டு பயந்திருக்கிறாள். குச்சவெளியில் அவளுடைய அக்கா இருந்தா. மாரி முடியும்வரை பிள்ளையோடு அங்கே போய் இருப்போம் என்று பெட்டிகூடக் கட்டிவிட்டாள். அந்த வழியால் போன நானாவிடம் கேட்டிருக்கிறாள். கந்தோரில் எழுதியாகிவிட்டது, மாரிக்கு முன்னர் ஆட்கள் வந்து தோண்டிச் சரிசெய்வார்கள், பயப்படவேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் பெட்டியை அவிழ்த்துவிட்டாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கார்த்திகை மாதம், மழை தொடங்கி மூன்றாம் நாள். பின்னேரம் மூன்று மணி இருக்கும். பலகைக் கட்டுகளை ஒருமிக்க இறக்கியதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஜெற்றியில் இறக்குகிறார்கள் என்றுதான் நினைத்தோம். பிறகு ஆட்கள் ஓடுகிற சத்தம். நான் குடையுமில்லாமல் போனபோது கடைசி வீடு இருந்த இடத்தில் கல்லும் சேறும்தான் இருந்தது. நானா முழங்காலில் நின்று கையால் கல்லை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெண்ணின் கணவர். இருட்டுவதற்கு முன்னர் தாயை எடுத்தார்கள். பிள்ளை தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. பிள்ளையை நானாதான் தூக்கிக்கொண்டு வந்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மழையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தகப்பன் கை நீட்டவில்லை. அவருக்குக் கை நீட்டத் தெரியாமல் போயிருந்தது.

பத்து நாள் கழித்து மனேஜரின் அறையில் விசாரணை நடந்தது. மதிலைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று மனேஜர் நானாவிடம் கேட்டார். நானா, சொன்னேன், எழுதியிருக்கிறது, புத்தகத்தைப் பாருங்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு தெளிவு இருந்தது. பெரிய கிளாக்கர் புத்தகத்தை விரித்து, அந்தச் சனிக்கிழமையைத் தேடியெடுத்து, குறை எதுவுமில்லை என்று தமிழில் வாசித்தார். நானா, அப்படி இருக்காது ஐயா, தங்கச்சி எனக்கு வாசித்துக் காட்டியவ என்றார்.

மனேஜர் என்னைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் யன்னலைப் பார்த்தார். வீட்டில் அம்மாவும் படிக்கிற இரண்டு தம்பிமாரும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். அதை இப்போது காரணமாகச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் அவர்களை நினைத்தேனா என்று எனக்குத் தெரியாது. பயம் மட்டும்தான் தெரிந்தது.

“அவர் சொன்னதைத்தான் நான் எழுதினனான்,” என்றேன்.

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. நடந்துபோகிற வழியில் எதையோ தவறவிட்டவர் நிலத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“எழுத்துல அப்பிடித்தான் இருக்கு எண்டா,” என்றார், “நான்தான் சொல்ல மறந்திருக்கணும்.”

அன்றைக்கே வேலை போயிற்று. சப்பாத்துகளைத் துடைத்து வாசற்படியில் வைத்துவிட்டு, பின்னேர லாஞ்சுக்குப் போய்விட்டார்.

என்னைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று பல காலம் நம்பியிருந்தேன். அப்படி நம்புவது எனக்குச் சுகமாக இருந்தது. பெரிய மனதுள்ள ஒருவர் தெரிந்தே ஒரு பழியை ஏற்றுக்கொண்டார், நான் நன்றியோடு இருந்தால் போதும். பிறகு அந்தக் கொம்பனியை விட்டு வேறு கந்தோருக்குப் போனேன். பெரிய கிளாக்கர் வேலையிலிருந்து இளைப்பாறி, காலமானார். அம்மாவும் போய், தம்பிமாரும் உத்தியோகம் எடுத்தபிறகு, சொல்லாமல் இருப்பதற்கு என்னிடம் சாட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு வைகாசி மாதம் லாஞ்சு ஏறி மூதூருக்குப் போனேன்.

மகள் வளர்ந்து, கலியாணம் முடித்து, தகப்பனைத் தன்னோடு வைத்திருந்தாள். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தவர் என்னைக் குரலில்தான் அடையாளம் கண்டார். மெலிந்து, ஒரு பக்கம் சாய்ந்து இருந்தார். வேறு கதை ஒன்றும் கதைக்காமல் சொல்லிவிட்டேன். பெரிய கிளாக்கர் சொன்னதை, இரண்டு சொற்களை, எழுதாததை எழுதியதாக வாசித்துக் காட்டியதை, விசாரணையில் சொன்ன பொய்யை.

அவர் கேட்டது ஒன்றுதான்.

“அப்ப நான் சொல்லித்தான் இருக்கிறனா?”

“சொன்னீங்கள் நானா. மாரிக்கு முன்ன எண்டும் சொன்னீங்கள்.”

கதிரையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஒம்பது வருசமா அந்த வழியை மனசால நடக்கிறன் தங்கச்சி. தொட்டியில இருந்து ஜெற்றி வரைக்கும். எந்த இடத்துல மறந்தன் எண்டு தேடுறன்.”

அப்போதுதான் விளங்கியது. அவர் என்னைக் காப்பாற்றவில்லை. அவர் என்னை நம்பியிருக்கிறார். தன் கண்ணையும் காலையும் வாயையும் விட்டுவிட்டு, என் கையெழுத்தை நம்பியிருக்கிறார்.

குசினி வாசலில் நின்ற மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கதையைச் சொல்ல ஒன்பது வருடமா என்று கேட்டாள். அவர் அவளைப் பேசவிடவில்லை. தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். அவள் ஊற்றினாள். எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைக் குடித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. மன்னிக்கும்படி கேட்டேன்.

“என்னட்டக் கேக்காதீங்க,” என்றார். “அந்தப் பிள்ளையின்ட தகப்பன் குச்சவெளியில இருக்கார். அவருக்குச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

குச்சவெளிக்கு பஸ் காலையிலும் போகும், மத்தியானமும் போகும். நான் இரண்டு வருடம் போகவில்லை. மாசி மாதத்தில் நானா மவுத்தாகிவிட்டார் என்று மூதூரிலிருந்து சந்தைக்கு வருகிற ஒருவர் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

செத்துப்போன பெண்ணின் கணவர் அவளுடைய அக்காவின் வளவிலேயே ஒரு கொட்டில் போட்டு இருந்தார். மறுபடி கலியாணம் முடிக்கவில்லை. மீன்பிடிக்கப் போகிறார். நான் போனபோது வாசலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் எழும்பி, பெட்டியொன்றைக் கவிழ்த்து இருக்கச் சொன்னார். கொம்பனிக் கதை வந்ததும் அவராகவே நானாவைப் பற்றித் தொடங்கினார்.

“ஒவ்வொரு கார்த்திகைக்கும் வருவார், மிஸ். லாஞ்சுல வந்து, பஸ் ஏறி, அந்த வயசுல. தான் கந்தோரில சொல்ல மறந்திட்டன், தன்னாலதான் எண்டு அழுவார். முதல் வருசம் நான் அடிக்கப் போனனான். பிறகு பிறகு, சோறு குடுத்து அனுப்புறனான்.”

கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டேன்.

“போன கார்த்திகைக்கும் வந்தவர். இருமிக்கொண்டு வந்தவர்.”

“அப்பவும் அதைத்தான் சொன்னவரோ?”

“அதைத்தான் சொன்னவர். வேற என்ன சொல்லுவார்?”

நான் மூதூருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னபிறகு இரண்டு கார்த்திகை வந்து போயிருந்தது. இரண்டுக்கும் அவர் இங்கே வந்திருக்கிறார். தான் சொன்னது உண்மை என்று தெரிந்தபிறகும் வந்து, மறந்துவிட்டேன் என்று இந்த மனிதருக்கு முன்னால் அழுதிருக்கிறார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் வருவாள் என்று விட்டிருக்கிறார்.

நான் சொன்னேன். தொடக்கத்திலிருந்து, ஒன்றையும் விடாமல். அவருடைய கையில் ஊசி அப்படியே நின்றது. பின்வீட்டில் யாரோ மாவிடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவ இங்க வரத்தான் பெட்டி கட்டினவ,” என்றார் கடைசியில். “நான் போகச் சொன்னனான். நானா சொல்லிட்டார், பயமில்லை, இருப்பம் எண்டு அவதான் சொன்னவ.”

“ஓம்,” என்றேன்.

“பஸ் நாலு மணிக்கு. போங்கோ மிஸ்.”

நான் எழும்பி றோட்டுக்கு வந்தேன். நாலு மணி பஸ் ஐந்து மணிவரை வரவில்லை. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவர் தெரிந்தார். வலையை மடியில் வைத்தபடி இருந்தார். நான் ஏறும்வரை அவர் அதை ஒரு கண்ணியாவது பொத்தவில்லை.